இருபத்துநாலு ஜி.பி. யார் வயிற்றில்?

அத்தியாயம் 6

விசாலாட்சிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். பிறகு குரல் தாழும். குரல் தாழ்ந்துவிட்டால் எதிரில் இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்வது உடம்புக்கு நல்லது. இது அவளுடைய உதவியாளன் பிரவினுக்குத் தெரியும். சங்குத்துறை ஷிப்பிங் கம்பெனியின் மேனேஜர் கணபதிக்குத் தெரியாது.

"பேரன் ஐலண்டுல புகை கிளம்பிட்டு," என்று பிரவின் முணுமுணுத்தான். போர்ட் பிளேயரைச் சுற்றியுள்ள இந்தத் தீவுகளில் எரிமலை என்றால் அது ஒன்றுதான்.

மரைன் ஹில்லில் கம்பெனியின் சர்வர் அறை. ஏ.சி. குளிரில் பல் கிட்டித்தது. விசாலாட்சிக்கு மட்டும் காது மடல் சுட்டது. கணினிப் பிரிவு ஒன்றைப் பல வருஷம் நடத்தியவள், மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்து துப்பறிய ஆரம்பித்தவள். பிரவின் கப்பல் கேன்டீனில் பரோட்டா போட்டவன். கனத்த உடம்பு. வாய் மட்டும் பரோட்டா மாவு மாதிரி, எவ்வளவு இழுத்தாலும் அறுவதில்லை.

"திருட்டுக் கழுதை மேடம் அந்தப் பொண்ணு," என்றார் கணபதி. இதுதான் மூக்கைச் சிவக்கவைத்த வாக்கியம்.

அந்தப் பொண்ணு பெனிட்டா. கம்பெனியின் டிக்கெட் மெஷினைப் பார்த்துக்கொள்பவள். போன திங்கட்கிழமை, தெற்கே ஒரு தீவிலுள்ள ஹட் பே கவுண்டரில் டிக்கெட் அடிக்க முடியாமல் மெஷின் உறைந்து நின்றது. பயணிகள் பட்டியலில் பெயர் அச்சாகாத ஒருவரையும் ஏற்றக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். படகுத்துறை ஜெட்டியில் ஜனம் நிற்க, கப்பல் பாதிக்கு மேல் வெற்று இருக்கைகளோடு போர்ட் பிளேயருக்குக் கிளம்பிவிட்டது. வியாழக்கிழமைக் கப்பலும் அப்படியே போயிற்று.

இரண்டு நாளும் அந்த ஜெட்டியில் காலில் துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர் அந்தோணிமுத்து. மீன்பிடிக்காரர், சர்க்கரை வியாதிக்காரர், புண் அழுகிக்கொண்டிருந்தது. கடைசியில் மச்சானின் மீன்பிடிப் படகில் திறந்த கடலில் அடித்துப் பிடித்துப் போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்குள் முற்றிவிட்டது. டாக்டர் இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்.

அந்தோணிமுத்து பெனிட்டாவின் அப்பா. இதற்குப் பிறகும் ஒரு மனிதன் அவளைத் திருடி என்று சொல்கிறான் என்றால், அவன் வாயை என்ன செய்வது?

"மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் முதலாளியம்மா விசாரணை. அது முடிஞ்சதும் போலீஸ்," என்றார் கணபதி. சொல்லும்போதே முகத்தில் ஒரு நிம்மதி. "அம்மா உங்களைப் பார்க்க விடச் சொன்னாங்க, விட்டேன். கணக்கு ரொம்ப சிம்பிள் மேடம். வாங்க."

அங்கே இரண்டு திரைகள் இருந்தன. இடது பக்கம் பெரிய சர்வரின் திரை. அந்த ஒரே சர்வருக்குள் நான்கு மெஷின்கள் குடியிருந்தன. தனி உடம்பு கிடையாது; சர்வரின் மெமரியில் ஆளுக்கொரு பங்கு வாங்கிப் பிழைக்கிற மெஷின்கள். ஒன்று டிக்கெட்டுக்கு, ஒன்று கணக்குக்கு, ஒன்று ஆபீஸ் மெயிலுக்கு, ஒன்று ஜெட்டியில் மாட்டியிருக்கும் கேமராக்களுக்கு. ஒரு லாட்ஜ், நான்கு அறை என்று வைத்துக்கொண்டால் போதும்.

"சர்வர் மெமரி தொண்ணூத்து நாலு சதவீதம் ஃபுல்லுன்னு சொல்லுது. நாலு மெஷினுக்குள்ளயும் தனித்தனியாப் போய்ப் பார்த்தேன். உள்ளே ஓடுற புரோகிராம் செலவைக் கூட்டினா பாதிகூட வரலை. மிச்சம் எங்க போச்சு? யாரோ திங்கிறாங்க!"

"யாரும் திங்கலை சார்," என்றாள் விசாலாட்சி. "லாட்ஜ்ல ரூம் எடுத்தவன் ரூம்ல தூங்கினாலும், சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு பீச்சுக்குப் போனாலும், லாட்ஜ்காரனுக்கு ரூம் ஃபுல்தான? மெஷின் ஒரு தடவை கேட்டு வாங்கின மெமரியை, வேலை முடிஞ்சதும் தனக்குள்ளயே ஓரமா வெச்சுக்கும். சாவியைத் திருப்பிக் குடுக்காது. கதவைத் திறந்து எட்டிப் பார்க்க சர்வருக்கு வழியில்லை. சர்வர் தான் குடுத்ததை எண்ணுது. மெஷின் இப்ப பயன்படுத்துறதை எண்ணுது. ரெண்டும் வேற வேற கேள்வி. பதிலும் வேறயாத்தான் இருக்கும்."

"அப்ப போர்டுல ஹவுஸ்ஃபுல். ஆளெல்லாம் கார்பின்ஸ் கோவ் பீச்சுல கால் நனைக்கான்," என்றான் பிரவின்.

கணபதி அசரவில்லை. வலது திரையைத் தட்டினார். "சரி, அது போகட்டும். இதுக்கு என்ன சொல்றீங்க? இது டிக்கெட் மெஷினோட உள்பக்கம். அதுக்கு மொத்தம் முப்பத்திரண்டு ஜி.பி. மெமரி. உள்ளே ஓடுற புரோகிராம் அத்தனையும் கூட்டினா ஆறு. ஆனா செலவு முப்பதுன்னு அதுவே சொல்லுது! நடுவுல இருபத்துநாலு ஜி.பி.யைக் காணோம். எந்தப் புரோகிராம் பேர்லயும் இல்லை. அதுக்குள்ள எதையும் ஓட்டுற பாஸ்வேர்டு அவ ஒருத்திகிட்டதான் இருக்கு. ஏதோ கிரிப்டோ காயின் தோண்டுற புரோகிராமை ஒளிச்சு ஓட்டியிருக்கா. அது மெமரியைத் தின்னு மெஷினை நிறுத்திடுச்சு. அவ அப்பனுக்கே அது வினையாப் போச்சு. ஆண்டவன் கணக்கு!"

பிரவின் தன்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தான். விசாலாட்சியின் குரல் தாழ்ந்தே விட்டது.

"ஆண்டவனை இதுல இழுக்காதீங்க சார். அவருக்கு மெமரி நல்லாவே இருக்கு."

திரையின் பக்கம் குனிந்தாள். போன வாரம் முழுவதும் அந்தக் காணாமல்போன இருபத்துநாலு எப்படி இருந்தது என்று கோடாகப் போட்டுக் காட்டச் சொன்னாள். கோடு வந்தது. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடு. கவுண்டரில் கூட்டம் முண்டியபோதும் இருபத்துநாலு. ஊர் உறங்கும்போதும் இருபத்துநாலு.

"பசிக்கிறவன் ஒரு வேளை கூடத் திம்பான், ஒரு வேளை குறையத் திம்பான். இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சாப்பிடுற ஆள் மாதிரியா இருக்கு பிரவின்?"

"சாப்பிடுத ஆளு இல்லக்கா. இடத்த அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்க ஆளு."

விசாலாட்சி சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இடது திரைக்குத் தாவினாள். நான்கு மெஷின்களின் பெயரும் வரிசையாக இருந்தன. டிக்கெட் மெஷினுக்கு எதிரே சர்வர் கொடுத்திருப்பது: எட்டு.

"சார், இங்க வாங்க. உள்ளே முப்பது செலவுன்னு சொல்லுது. வெளியிலேர்ந்து சர்வர் குடுத்ததே எட்டுதான். எட்டு இட்லி வாங்கின வீட்டுல முப்பது இட்லி எப்படித் திங்க முடியும்? இருபத்துநாலு திருட்டுப் போச்சுங்கிறீங்களே, அது அந்த வீட்டுக்குள்ள வரவே இல்லையே!"

கணபதியின் கை, அவர் கேட்காமலேயே, சட்டைப் பாக்கெட்டிலிருந்த போனைத் தொட்டது. "அதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர். சர்வர் காண்ட்ராக்ட் தபன் மண்டல்கிட்ட இருக்கு. சர்வர்ல எதையும் மாத்துற பாஸ்வேர்டு அவன்கிட்டதான். எனக்குப் பார்க்க மட்டும்தான் முடியும்."

"தபன் எங்க?"

"மெயின்லாண்ட் போயிருக்கான். கல்கத்தா. போன வாரமே போயிட்டான்."

பிரவின் இருமினான். ரொம்ப மரியாதையான இருமல்.

வெளியே படியில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தான். "அக்கா, நேத்து சாயங்காலம் இங்க நம்ம டாலிகஞ்ச்ல அந்தத் தபன் என் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நின்னு சிங்காடா தின்னான், அதான் பெங்காலி சமோசா. கல்கத்தாவுலேர்ந்து சிங்காடா திங்கதுக்கு மட்டும் வந்துட்டுப் போனானோ என்னவோ."

"வண்டியை எடு!"

கேட்டுக்கு வெளியே மரத்தடியில் பெனிட்டா நின்றிருந்தாள். உள்ளே விட மாட்டோம் என்று வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்கிறாள்; கையில் ஃபிளாஸ்க்.

"அக்கா, நான் ஒண்ணையும் ஒளிச்சு வைக்கல. மெஷினு ரெண்டு வாரமா திணறுதுன்னு நான்தான மொதல்ல சொன்னேன். 'சார், டிக்கெட் மெஷின்ல மெமரி காலி சார், எதாவது செய்யச் சொல்லுங்க'ன்னு சார்கிட்ட வாயால சொன்னேன். 'தபன்கிட்ட சொல்லுதேன்'னாரு. அதுக்கப்புறம்தான் சுத்தமா படுத்துட்டு. திருடுனவ போயி வீடு திறந்து கெடக்குன்னு சொல்லுவாளா?" அவளுக்கு அழுகை வரவில்லை. தாடை இறுகிக் கிடந்தது. "அப்பா கேக்காரு, 'உன் மெஷினு எனக்கு மட்டும் டிக்கெட் தரமாட்டேன்னுட்டா மோளே'ன்னு. நான் என்னக்கா சொல்ல?"

விசாலாட்சி அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

இறக்கத்தில் வண்டி பறந்தது. கீழே துறைமுகம், நங்கூரமிட்ட கப்பல்கள், வெயில்.

"நீ சொன்னதுதான் சரி பிரவின். இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க ஆள். பஸ்ல துண்டு போடுறோமில்ல? துண்டு போட்ட சீட்ல யாரும் உட்கார மாட்டான். ஆனா அங்க ஆளும் கிடையாது. சர்வர் தான் குடுத்த மெமரியைத் திருப்பி வாங்கணும்னா உள்ளே நுழைஞ்சு புடுங்க முடியாது. எதை எடுத்தா எது நிக்கும்னு அதுக்குத் தெரியாதே. அதனால ஒவ்வொரு மெஷினுக்குள்ளயும் தன்னோட ஆள் ஒருத்தனை உட்கார வெச்சிருக்கும். பலூன்னு பேரு. சர்வர் சொன்னதும் அவன் உள்ளே எழுந்து துண்டு போட்டுக்கிட்டே போவான். மெஷின், 'ஐயோ, இடம் நிறைஞ்சுபோச்சு'ன்னு ஒதுங்கிக்கும். துண்டுக்கு அடியில இருக்க சீட்டையெல்லாம் சர்வர் கழட்டி வேற பஸ்ஸுக்கு மாட்டிரும்."

"அப்ப துண்டு போட்டது பெனிட்டா இல்ல. வெளியிலேர்ந்து கண்டக்டரே போட்டிருக்கான்."

"ஆமா. இந்த மெஷினுக்கு எட்டுக்கு மேல குடுக்காதேன்னு சர்வர்ல யாரோ உச்சவரம்பு போட்டிருக்கான். முப்பத்திரண்டுல எட்டு போக இருபத்துநாலு துண்டு. அந்த எட்டுக்குள்ள புரோகிராம் ஆறுல நசுங்கிக் கிடக்கு. கூட்டம் வர்ற அன்னைக்கு அது எப்படித் தாங்கும்? யார் போட்டான், எதுக்குப் போட்டான்? அது தெரிஞ்சா போதும்."

டாலிகஞ்சில் தபன் மண்டலின் கடை திறந்தே இருந்தது. இன்வெர்ட்டர் ஒன்றின் வயிற்றைக் கிழித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசிருக்கும், ஹட் பே பக்கம் குடியேறிய பெங்காலிக் குடும்பம். விசாலாட்சியைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"கல்கத்தாவுல வெயில் எப்படி?" என்றாள் இந்தியில்.

"கல்கத்தாவா? நான் ஊரை விட்டே போகலையே தீதி."

"டிக்கெட் மெஷினை எட்டுல கட்டிப்போட்டது நீதானே?"

அவன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்றுகூட அவனுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. "ஆமாம், நான்தான். கேமரா மெஷின் ரொம்ப நாளாக மெமரி கேட்டுக்கொண்டிருந்தது. சர்வரிலே கொடுக்க இடமில்லை. அப்போதுதான் கணபதி சாரே சொன்னார். டிக்கெட்டிலிருந்து எடுத்துக் கேமராவுக்குக் கொடுத்தேன்."

"கணபதி எடுக்கச் சொன்னாரா?"

"அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது, கேளுங்கள்."

போனை நீட்டினான். கணபதியின் குரல், மதராசி இந்தியில், அவசர அவசரமாகக் கேட்டது.

"தபன், டிக்கெட் மெஷின் கா மெமரி பில்குல் காலி ஹோ கயா. ஜல்தி குச் கரோ!"

பிரவினுக்குத்தான் முதலில் பிடிபட்டது. அவன் தொப்பை குலுங்கியது.

"அய்யோ மாதாவே! காலி! நம்ம ஊர்ல பால் காலின்னா பால் தீந்துபோச்சு. கேஸ் காலின்னா கேஸ் தீந்துபோச்சு. இவனுக்குக் காலின்னா சும்மா கெடக்கு, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்! மெமரி தீந்துபோச்சு, எதாவது செய்யுன்னு அவரு சொல்லுதாரு. மெமரி சும்மா கெடக்கு, எதாவது செய்யுன்னு இவன் கேக்கான். இருந்ததையும் உருவிட்டானேக்கா!"

"சிரிக்காத."

"இல்லக்கா, வந்து..."

"அந்தோணிமுத்து காலைப் பார்த்துட்டு வந்து சிரி."

பிரவினின் சிரிப்பு பாதியில் நின்றது. தபன் ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் பார்த்தான். அவன் கண்ணில் வேறு ஏதோ ஓடுவதை விசாலாட்சி கவனித்துவிட்டாள்.

"தபன். திங்கட்கிழமை மெஷின் நின்ற பிறகு உனக்கே தெரிந்திருக்கும். தெரிந்து என்ன செய்தாய்?"

அவன் இன்வெர்ட்டரின் ஒரு ஒயரைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தான். "மறுநாளே போய்ச் சொன்னேன் தீதி. காலி என்றீர்களே, நான் எடுத்துவிட்டேன், அதனால்தான் நின்றது, ஐந்து நிமிஷ வேலை, திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று. சார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்புறம், 'ரஹ்னே தோ' என்றார். இருக்கட்டும், தொடாதே, விசாரணை நடக்கப்போகிறது, அப்படியே இருக்க வேண்டும் என்றார். அது வரைக்கும் கம்பெனிப் பக்கமே வராதே என்றார். காண்ட்ராக்ட் அவர் கையில் இருக்கிறது. நான் என்ன செய்ய?"

திங்கட்கிழமைக் கப்பல் ஒரு வார்த்தைக் குளறுபடியில் போயிற்று, சரி. வியாழக்கிழமைக் கப்பல்? அந்த மனிதனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே மெஷினின் கழுத்தில் கயிற்றை அப்படியே விட்டிருக்கிறான். தன் இந்தி சந்தி சிரிக்கக்கூடாது என்பதற்காக, ஒரு ஜெட்டி நிறைய ஜனத்தை வெயிலில் உட்காரவைத்துவிட்டு, அதே கயிற்றைக் காட்டி ஒரு பெண்ணைத் திருடி என்கிறான். இவனுக்கெல்லாம் சோறு எப்படி இறங்குகிறது?

"எழுந்து வா. இதை அங்கே வந்து சொல்."

"முடியாது தீதி."

"அந்த மெசேஜையாவது கொடு."

தபன் போனைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டான். கையெடுத்துக் கும்பிட்டான்.

விசாரணைக்கு நேரமாகிவிட்டது. விசாலாட்சி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். "நீ இங்கயே இரு பிரவின். இவனை விடாத."

"அடிக்கவா?"

"பேசு. உன் பேச்சைக் கேக்குறதுக்கு அடியே தேவலை."

முதலாளி சொர்ணம்மாவின் அறை ஜன்னலில் துறைமுகம் முழுசாகத் தெரிந்தது. புருஷன் விட்டுப்போன ஒரு கப்பலை வைத்துக்கொண்டு கம்பெனியையே கட்டி எழுப்பியவர். அறுபது வயது. பேச்சில் சர்க்கரை போடும் வழக்கம் கிடையாது. மேஜைக்கு ஒரு பக்கம் கணபதி, மறுபக்கம் பெனிட்டா, மடியில் அதே ஃபிளாஸ்க். மேஜை மேல் டிக்கெட் மெஷினின் திரை. இருபத்துநாலு அசையாமல் நின்றது.

"சொல்லும்மா. திருடினாளா, இல்லையா?" என்றார் சொர்ணம்மா.

"மேனேஜர் சாரை ரெண்டு கேள்வி கேட்டுக்கிறேம்மா. சார், பெனிட்டா உங்ககிட்ட மெமரி காலின்னு சொன்னது உண்மையா?"

"சொன்னா. திருடிட்டு நல்லபேர் வாங்கப் பார்த்தா."

"நீங்க அதை தபன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அது என் கடமை."

"எந்தப் பாஷையில?"

"இது என்ன கேள்வி? அவனுக்குத் தமிழா தெரியும்? இந்தியிலதான்."

"அதுக்கப்புறம் தபன் என்ன செஞ்சார்?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவன் மெயின்லாண்ட்ல இருக்கான். அவன்கிட்ட பேசியே ரொம்ப நாளாச்சு."

விசாலாட்சி பெருமூச்சு விட்டு, நாற்காலியில் சாய்ந்தாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். "அப்ப என்னால மேல ஒண்ணும் சொல்ல முடியலைம்மா. பெனிட்டா மேல தப்பு இருக்க மாதிரி தெரியலை. சார் பேசின இந்தியிலதான் ஏதோ கோளாறு. அதனாலதான் இவ்வளவும்னு நினைக்கிறேன்."

கணபதியின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. தன் இந்தியைப் பற்றி யாராவது பேசினால் தாங்காத மனிதர். கம்பெனியில் எல்லோருக்கும் அது தெரியும்.

"என் இந்தியில என்ன கோளாறு? இருபது வருஷமா பேசுறேன்! காலின்னு நான் சொன்னது தீர்ந்துபோச்சுங்கிற அர்த்தத்துல. அந்த மடையன் சும்மா கிடக்குன்னு எடுத்துக்கிட்டுக் கேமராவுக்குத் தூக்கிக் குடுத்தா, அதுக்கு நான் என்ன பண்றது?"

ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு கப்பல் ஊதிற்று.

"கேமராவுக்கா?" என்றாள் விசாலாட்சி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கேமராவுக்குப் போச்சுன்னு இங்க யாரும் சொல்லலையே சார். காலையில உங்ககூட இருந்தப்ப எனக்கே தெரியாது. ரொம்ப நாளா பேசாத தபன், உங்களுக்கு எப்பச் சொன்னார்?"

கணபதியின் கை மறுபடியும் பாக்கெட்டிலிருந்த போனைத் தொட்டது.

கதவு அப்போதுதான் திறந்தது. முதலில் பிரவினின் தொப்பை வந்தது. பின்னால் தபன் மண்டல், அக்குளில் லேப்டாப்போடு.

"மங்கள்வார்," என்றான் தபன், யாரும் கேட்காமலேயே. "செவ்வாய்க்கிழமை சொன்னேன் மாஜி. சரிசெய்து தருகிறேன் என்றேன். சார் தொடாதே என்றார்." போனை மேஜை மேல் வைத்து அழுத்தினான். காலி ஹோ கயா என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

சொர்ணம்மா கணபதியைப் பார்த்த பார்வையில் ஏ.சி. தேவைப்படவில்லை. "செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியும்."

"அம்மா, நம்ம கம்பெனி மானம்... எல்லாரும் சிரிப்பாங்களேன்னு..."

விசாலாட்சி எழுந்து நின்றாள். "திங்கட்கிழமை நடந்தது தப்பு. நாக்கு செஞ்ச தப்பு. எனக்குக்கூட நடக்கும். வியாழக்கிழமை நடந்தது தப்பில்லை சார். அஞ்சு நிமிஷ வேலை. அதைச் செய்யவிடாம அந்த ஜனங்களை ஜெட்டியில உட்கார வெச்சீங்க. எதுக்கு? உங்களைப் பார்த்து நாலு பேர் சிரிச்சிரக் கூடாதுங்கிறதுக்கு!"

பெனிட்டா ஃபிளாஸ்க்கை மேஜை மேல் வைத்தாள்.

"சார், எங்கப்பாவுக்குத் தமிழும் தெரியும், இந்தியும் தெரியும். ரெண்டு விரலு போச்சு. அது எந்தப் பாஷையில காலின்னு நீங்களே வந்து அவருகிட்ட சொல்லுங்க."

கணபதி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

தபன் லேப்டாப்பைத் திறந்தான். கேமரா மெஷினை நிறுத்தி, அதற்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கினான். பிறகு டிக்கெட் மெஷின் மேல் கிடந்த உச்சவரம்பை எடுத்தான். திரையில் இருபத்துநாலு இறங்க ஆரம்பித்தது. பத்தொன்பது. பதினொன்று. நாலு. பெனிட்டாவின் கைகள் அவள் மடியில்தான் இருந்தன; டிக்கெட் மெஷினின் விசைப்பலகையை யாரும் தொடவில்லை. பூஜ்யம் வந்ததும் சொர்ணம்மா திரையை விட்டுக் கண்ணை எடுத்தார்.

"கணபதி. உங்க சீட் காலி. இந்தியிலயும் சரி, தமிழ்லயும் சரி."

அவர் எழுந்து போகும்போது பிரவின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய வேலைக்காலத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"இவனை எப்படிடா கூட்டிட்டு வந்தே?" என்றாள் விசாலாட்சி மெதுவாக.

"இவனோட அம்மாவும் ஹட் பேலதான் இருக்காவளாம்க்கா. அவியளுக்கும் சர்க்கரையாம். அடுத்த கப்பலுக்கு அந்தக் கவுண்டர்ல யாரு நிப்பான்னு மட்டும் கேட்டேன்."

மேஜை மேலிருந்த போன் அடித்தது. ஹட் பே கவுண்டர். சொர்ணம்மா ரிசீவரை எடுத்து, ஒரு வார்த்தையும் பேசாமல், பெனிட்டாவிடம் நீட்டினார். அவர் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு அந்த நீட்டலோடு நின்றுபோயிற்று. விசாலாட்சிக்கு அதுவும் கோபமாகத்தான் வந்தது.

அந்த முனையில் கவுண்டர்ப் பெண் ஷீலாவின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி அலறியது. மெஷின் ஓடுதுக்கா, நாளைக் கப்பலுக்கு இடம் இருக்கா, இங்க ஜனம் நிக்குது.

"இருக்கு ஷீலா. சீட்டெல்லாம் கா..." பெனிட்டா நிறுத்தினாள். அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே விழுங்கினாள்.

"இடம் இருக்கு," என்றாள். "நிறைய இருக்கு. காயம்பட்டவிய, முடியாதவிய எல்லாரையும் மொதல்ல நிப்பாட்டு. ஒருத்தரையும் விட்டுட்டுக் கப்பல் கிளம்பாது. நான் இங்க உக்காந்திருக்கேன்."